இல்லாத பங்காளிக்கு அஞ்சலி போஸ்டர்

ஆவணி, புதன்கிழமை.

தங்கை புருஷன் சிவகாசியில் பிரஸ் வைத்திருக்கிறார். லண்டனில் வாரிசில்லாமல் இறந்த பங்காளியின் சொத்து அவருக்கு வருவதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. முதலில் கட்டணம் அனுப்ப வேண்டுமாம். யாரிடமும் சொல்லக் கூடாதாம். அந்த ரகசியத்தைக் காப்பாற்ற, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து ஊர் முழுக்க ஒட்டியிருக்கிறார். தீட்டு என்று கோயிலுக்கும் போவதில்லை. பணம் போகுமுன் தடுக்க இன்று போனேன்.

“மாப்பிள்ளை, மெயில்ல உங்க பேரே இல்லையே? சொத்து குடுக்கிறவன் எதுக்கு முதல்ல காசு கேக்கான்? ஏமாத்து வேலை.”

“பொறாமைப்படாதீக மச்சான். பங்கு கேட்டு வெம்பக்கோட்டையில இருந்தே ரெண்டு பேரு வந்துட்டாக.”

அறைந்திருப்பேன். தங்கை குறுக்கே வந்தாள்.

“துக்க வீட்ல சண்டை போடாதீக அண்ணே.”

அவள் கழுத்தில் தாலிச் சங்கிலி இல்லை. புது மஞ்சள் கயிறு இருந்தது.