வீரம்மா பிளொப்பிக்கு வைத்த பொட்டு

அனுப்புநர்:
திருமதி கமலாசனி பரமேஸ்வரன்,
ஒட்டுசுட்டான் வீதி,
பாலையடிக்குளம்,
முல்லைத்தீவு மாவட்டம்.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
பாலையடிக்குளம் நீர்ப்பாசனத் திட்டம்,
தலைமை அலுவலகம், கொழும்பு.

விடயம்: செல்வி மூக்கன் வீரம்மா பற்றிய அறிக்கையிலிருந்து "நாசவேலை" என்ற சொல்லை நீக்கித் தருமாறு கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் 1983 ஆடி மாதம் வரை கொழும்பில் ஒரு தனியார் கம்பனியில் கணனி இயக்குநராக வேலை பார்த்தவள். அம்மாதம் நடந்தவை தாங்கள் அறியாதவையல்ல. கணவரின் ஊரான இங்கே வந்து சேர்ந்தபோது என்னிடம் மிஞ்சியிருந்தது கற்ற தொழில் மட்டுமே.

2. இவ்வூர்ப் பாடசாலையில் பத்தாம் ஆண்டுடன் வகுப்புகள் முடிகின்றன. மேலே படிக்க முல்லைத்தீவுக்குப் போகவேண்டும். பஸ் வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வந்தாலும் வழியில் எத்தனை இடத்தில் சோதனைக்கென்று இறக்கி ஏற்றுவார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே பெற்றோர் பெண்பிள்ளைகளை வீட்டோடு மறித்துவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பிள்ளைகள் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாகத் தோற்றுவதற்கு வீட்டிலிருந்தே படிக்கிறார்கள். எங்கள் குசினிக்குப் பக்கத்து அறையில் அவர்களுக்குக் கணிதமும், அதனோடு கணனியும் கற்பிக்கிறேன்.

3. கணனி இல்லாமல் கணனி கற்பிப்பதா என்று தாங்கள் கேட்கக்கூடும். ஊரிலும் கேட்டுச் சிரித்தார்கள். சவர்க்காரப் பெட்டி மட்டையில் விசைப்பலகை கீறி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று கொடுத்திருக்கிறேன். முன்னைய பணிப்பாளர் ஒருநாள் இதை வந்து பார்த்தார்; அவர் சிரிக்கவில்லை. சனிக்கிழமைப் பின்னேரங்களில் இங்குள்ள திட்ட அலுவலகக் கணனியில் பிள்ளைகள் பழகலாம் என்று அனுமதி தந்தார். முதல் நாள் லதீபா என்ற பிள்ளை, மட்டையில் பழகிய வழக்கப்படி, குனிந்த தலை நிமிராமல் தன் பெயரை அடித்து முடித்தாள். பிறகு நிமிர்ந்தாள். திரையில் பெயர் இருக்கக் கண்டு அழுதுவிட்டாள். மட்டை ஒருநாளும் அவளுக்குப் பதில் சொன்னதில்லை.

4. வீரம்மாவும் அவர்களில் ஒருத்தி. வயது பதினேழு. அவளது தகப்பனார் மூக்கன், 1977 கலவரத்துக்குப் பின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து குடும்பத்துடன் இங்கு வந்தவர். தங்கள் திட்டத்தின் வாய்க்கால்களை வெட்டிய கூலியாட்களில் அவரும் இருந்தார். பிரசாவுரிமைப் பத்திரம் இன்னும் அவருக்குக் கிடைக்கவில்லை.

5. கடந்த சரஸ்வதி பூசையன்று கணனி அறைப் பொறுப்பாளர் திரு. நடராசா அவர்கள் கணனிக்கு மாலை போட்டு, திரைக்கு மேல் பெரிய பொட்டும் வைத்து, பூசைக்குப் பிள்ளைகளையும் அழைத்திருந்தார். அவலும் கடலையும் தந்தார். நல்ல மனிதர், அதை நான் மறைக்க விரும்பவில்லை. அவர் பிரசாதம் பகிர்ந்துகொண்டிருந்த நேரத்தில் வீரம்மா பிளொப்பிகள் இருந்த பெட்டியைத் திறந்து, அவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் லதீபா.

6. பிளொப்பி என்பது கறுத்த உறைக்குள் இருக்கும் மெல்லிய தட்டு. உறையில் ஒரு சிறு திறப்பு உண்டு. அதன் வழியாகவே இயந்திரம் தட்டை வாசிக்கிறது. பிள்ளை பொட்டு வைத்தது அந்தத் திறப்பில். விசயதசமியன்று காலை, நல்லநேரம் பார்த்துத் திரு. நடராசா இயந்திரத்தைத் தொடங்கியபோது பிளொப்பி உள்ளே கரகரத்து நின்றுவிட்டது. காலபோக நெல் விதைப்புக்கு நீர் திறந்துவிடும் கணக்கு அதில் இருந்தது. அவர் பதறியதில் வியப்பில்லை. பதற்றத்தோடேயே அறிக்கையும் எழுதி அனுப்பிவிட்டார். அதில் வீரம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் "நாசவேலை" என்று எழுதியிருக்கிறார். பிரதியொன்று பாதுகாப்புப் பிரிவுக்குப் போக இருப்பதாக அறிகிறேன். திரைக்கு அவர் வைத்த பொட்டைப் பற்றி அறிக்கையில் ஒன்றும் இல்லை.

7. ஏன் அப்படிச் செய்தாய் என்று நான் கேட்டபோது அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: "புத்தகத்துக்கெல்லாம் பொட்டு வச்சோம் டீச்சர். நம்ம எழுதினது எல்லாம் இதுக்குள்ளதானே இருக்கு, இத மட்டும் எப்படி விடுறது?" உறையில் வைத்திருக்கலாமே என்றேன். "உறை சட்டை மாதிரித்தானே டீச்சர். சட்டைக்கா பொட்டு வைப்பாங்க?" என்றாள்.

8. இன்னொன்றையும் தாங்கள் கவனிக்க வேண்டும். அந்தத் திறப்பில் விரல் படவே கூடாது என்று நான் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். வீரம்மா அதை மீறவில்லை. வெற்றிலைக் காம்பால் தொட்டுப் பொட்டு வைத்தாள். அதை லதீபா நேரில் கண்டவள்; சாட்சி சொல்ல ஆயத்தமாக இருக்கிறாள். கெடுக்க நினைப்பவர் விரல் படாமல் இவ்வளவு பக்குவமாகக் கெடுப்பாரா, ஐயா?

9. இந்தக் காலத்தில் இப்படியொரு சொல் ஒரு தமிழ்ப் பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். காட்டுவதற்கு ஒரு பத்திரமும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பதை நினைக்கவே பயமாக இருக்கிறது. ஒரு ஜீப் சத்தம் கேட்டாலும் மூக்கன் மகளைக் காட்டுப் பக்கம் அனுப்பிவிடுகிறார். காட்டுக்குள் ஓடும் பிள்ளையைக் கண்டால் அந்தச் சொல் மெய்யென்றுதான் எவரும் நினைப்பார்கள். இதையும் சொன்னேன்; அவர் கேட்கிற நிலையில் இல்லை.

10. கணக்குகளின் எழுத்துப் பிரதி அலுவலகத்தில் பத்திரமாக உள்ளது. இடம் தந்தால் என் பிள்ளைகள் அவ்வளவையும் திரும்பத் தட்டச்சுச் செய்து தருவார்கள். இனி அவர்கள் அந்த அறைக்குள் வரக்கூடாது என்று தாங்கள் முடிவெடுத்தால் அதற்கும் தலைவணங்குவோம். மட்டை இருக்கிறது, பழகிக்கொள்வோம். ஆனால் அந்த ஒரு சொல்லை, பிரதி கைமாறுவதற்கு முன் நீக்கித் தாருங்கள். "அறியாமல் நேர்ந்த தவறு" என்று எழுதுங்கள். அதுதான் உண்மை.

11. பூசைக்கு முதல் நாள் வீரம்மா தன் மட்டை விசைப்பலகையையும் வீட்டில் சரஸ்வதி படத்துக்கு முன் வைத்திருந்தாள். விசயதசமியன்று அதை எடுத்துப் பழகத் தொடங்கியிருக்க வேண்டும். அவள் எடுப்பதற்கு முன் அலுவலகத்திலிருந்து செய்தி வந்துவிட்டது. தாய் சொல்லியும் எடுக்கவில்லை, நான் சொல்லியும் எடுக்கவில்லை. தங்கள் பதில் வந்தால் அதை அவளிடமே கொடுத்து வாசிக்கச் சொல்வேன். அந்த மட்டை இன்னும் படத்துக்கு முன்னால்தான் கிடக்கிறது, ஐயா.

தங்கள் நீதியை நம்பியிருக்கும்,
கமலாசனி பரமேஸ்வரன்
(ஒப்பம்)

இடம்: பாலையடிக்குளம்
திகதி: 04.11.1986