பலா மரத்து வளைவுல கேக்கணும்

தை 6, திங்கள்

பனி. எதுத்த வூடு தெரியல. வாசல் தெளிச்ச தண்ணி பத்து மணி வரைக்கும் காயல.

உரக்கடையில வருசா வருசம் எங்க வூட்டுக்காரருக்குக் குடுக்கற டைரி இந்த வருசமும் வந்திச்சி. ஆளு இல்லன்னு கடைக்காரருக்கு யாரு போய் சொல்றது. சும்மா கெடக்குதேன்னு எழுதறேன். அஞ்சாவதோட நின்ன எழுத்து. யாரு பாக்கப் போறா.

காலங்காத்தால பட்டம்மா சண்டைக்கு வந்துட்டா. பலா மரத்து வளைவுல வூடு அவளுக்கு. வெள்ளிமலை மண்டிக்கு ஏத்த புளி மூட்டைய கட்டி வச்சிக்கினு இருந்தாளாம். மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுத் திரும்பறதுக்குள்ள ஜீப்பு போயிடுச்சாம்.

“ஏ அஞ்சல, உன் கொழுந்தன் ஓட்டறது ஜீப்பா பூனையா? பூனைகூட மியாவ்னு ஒரு சத்தம் குடுக்கும்டி!”

அவ சொல்றதுல தப்பு இல்ல. இங்க ஜீப்புக்கு நேரம் கெடையாது. ஜீப்புல போடற பாட்டுதான் நேரம். ஆரன் அடிச்சா தெரியாது, பஸ்ஸு, பால் வண்டி எல்லாந்தான் வளைவுக்கு வளைவு அடிக்குது. அவரு ஓட்டும்போது கீழ பாறை வளைவு ஏறும்போதே தும் தும்னு கேக்கும். அப்புறம் கோயில் வளைவு, பலா மரத்து வளைவு, அப்புறம் எங்க வூடு. ஜனங்க மூட்டையத் தூக்கிக்கினு ரோட்டுக்கு வந்து நிப்பாங்க.

நான் ஒல வைப்பேன். பாறை வளைவுல சத்தம் கேட்டு ஒல வச்சா, ஜீப்பு வாசல்ல நிக்கும்போது களி சுடச்சுட உருண்டையா இருக்கும். ஒருநாளும் தப்புனதில்ல.

அவரு மஞ்சக்காமாலையில போயி வர்ற மாசியோட ஒரு வருசம். அப்புறம் ஏழுமலை, அவரு தம்பி, ஓட்டறான். சத்தம் அதே சத்தம். கை அதுபாட்டுக்குப் போயி ஒல வைக்குது. வாசல்ல போயி பாத்தா ஏழுமலை எறங்கறான். கொஞ்ச நாளு பாத்தேன். “பின்னால இருக்கற அந்தப் பெரிய பாட்டுப் பொட்டியக் கழட்டிடு”ன்னேன். அன்னிக்கே கழட்டிட்டான்.

பொங்கலுக்கு முன்ன கள்ளக்குறிச்சியில புதுசு போட்டுக்கினு வந்தான். கதவுல பெரிய ஸ்பீக்கர், முன் கண்ணாடி ஓரத்துல பொட்டு மாதிரி சின்ன ஸ்பீக்கர். உள்ள குந்துனா பாட்டு அவ்ளோ தெளிவு. வெளிய ஒண்ணுமே கேக்கல. எனக்கு நிம்மதி. ஊருக்குத்தான் கஷ்டம்.

தை 8, புதன்

வெயில். கேவுரு காயப் போட்டேன். கோழி தின்னது பாதி, நான் அள்ளுனது பாதி.

ஏழுமலை சாயங்காலம் வந்து செவுத்துல சாஞ்சி குந்துனான். “இன்னிக்கி எவ்ளோ பேரு?”ன்னேன். “மூணு பேரு, ஒரு ஆடு.” ஜனங்க பஸ்ஸுக்குப் போயிடறாங்களாம். பஸ்ஸு வர்ற நேரமாவது தெரியுதுன்றாங்களாம்.

“இப்படியே போனா வண்டிய வித்துட்டு கோயமுத்தூரு கம்பெனிக்குப் போவ வேண்டியதுதான் அண்ணி.”

 அவரு தொடச்சித் தொடச்சி வச்ச வண்டி. “பழைய பொட்டியவே மாட்டு”ன்னேன்.

“அது உனக்கு ஆவாதுன்னுதானே...”

“எனக்கு ஆவும். மாட்டு.”

மாட்டப் போயி பாத்தா எலி கடிச்சி வச்சிருக்குது. உள்ள குட்டி வேற போட்டிருக்குது. ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம். ரொம்ப நாளாச்சி அந்தப் பொட்டியப் பாத்து சிரிச்சி.

சரி, கடைசி நடைக்கு புது ஸ்பீக்கரையே சத்தமா வையின்னேன். வச்சான். ஜீப்புல திரும்பிப் போன ஆடு கத்த ஆரம்பிச்சிடுச்சி. ஆட்டுக்காரம்மா காதுல பஞ்சி வச்சிக்கினாங்க. பட்டம்மாவ கேட்டா, “இன்னா பாட்டு? எப்ப?”ன்றா.

தை 10, வெள்ளி

விடியறதுக்கு முன்ன எழுந்து க.குறிச்சி. வாங்கணும்: உப்பு, சீயக்கா, வெளக்குத் திரி, பட்டம்மாவுக்கு தைலம்.

ஸ்பீக்கர் கடை பாய் நல்ல மனுசன். டீ சொன்னாரு. என்னை டிரைவர் சீட்டுல குந்த வச்சி, “கண்ண மூடிக்கினு கேளுங்கக்கா. பாடறவரு உங்க மூக்குக்கு நேரா நிப்பாரு”ன்னாரு. நெசமாவே நின்னாரு! கண்ணத் தொறந்தேன். கண்ணாடிதான்.

“நல்லா இருக்குது பாய். ஆனா கேக்கறவங்க உள்ள இல்ல.”

“பின்ன எங்க?”

“பலா மரத்து வளைவுல. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு.”

பாய் ஏழுமலையப் பாத்தாரு. ஏழுமலை தலைய சொறிஞ்சான். “இன்னாக்கா இது, வண்டியில குந்தறவங்களுக்குத்தான் இத்தினி நாளா செட் பண்ணிக் குடுத்துக்கினு இருக்கேன். வண்டியிலயே ஏறாதவங்களுக்குப் பண்ணுன்னு யாரும் கேட்டதில்ல”ன்னாரு பாய்.

அப்புறம் சொல்லிக் குடுத்தாரு. கிராஸ் ஓவர்னு ஒண்ணு இருக்குது. சல்லடை மாதிரி. சன்ன சத்தத்த சின்ன ஸ்பீக்கருக்கு அனுப்பும், தடி சத்தத்தக் கதவு ஸ்பீக்கருக்கு அனுப்பும். அது இல்லாம சீட்டுக்கு அடியில ஆம்ப்ளிபயர்ல ஒரு திருகு. அதுல நம்பர் போட்டிருக்குது. எந்த நம்பர்ல வைக்கறமோ அதுக்குக் கீழ இருக்கற தடி சத்தத்த வெட்டி வுட்டுடும். எழுத்தெல்லாம் இங்கிலீசு. நம்பர் நான் படிப்பேன்.

“நூத்தி இருவதுல வச்சிருக்கேன் அக்கா. மலை ரோடு, குலுங்கும். ரொம்ப கீழ எறக்குனா கதவு ஸ்பீக்கர் கிழிஞ்சிடும்.”

“அப்ப அந்த தும் தும் எங்க போச்சி?”

“வெட்டுனதுல போச்சி. சன்ன சத்தம் ஒரு வளைவு தாண்டாது, மரத்துல மோதி நின்னுடும். தடி சத்தந்தான் சுத்திக்கினு போவும்.”

இத்தினி நாளா எனக்கு நிம்மதி குடுத்தது அந்தத் திருகுதான் போல.

கடையில வச்சி இது சரி பண்ற வேலை இல்ல, மலையிலதான் பண்ணணும்னு பாய் சொல்லிட்டாரு. கையளவு ஸ்குரூ டிரைவர் குடுத்தாரு. “எம்பதுக்குக் கீழ மட்டும் போவாதீங்க.”

தைலம் மறந்துட்டேன். பட்டம்மா வுடமாட்டா.

தை 12, ஞாயிறு

நல்ல வெயில். காத்து இல்ல.

ஏழுமலை ஜீப்ப கோயில் வளைவுல நிறுத்திக்கினு திருக, நான் பலா மரத்தடியில நின்னு கேக்கறதுன்னு பேச்சு. போன் அங்க எடுக்காது. பட்டம்மா செவப்பு சீலைத் துண்டு கொண்டாந்தா. நடுவுல நின்னு, எனக்குக் கேட்டா ஆட்டுவா, கேக்கலன்னா சும்மா இருப்பா, அவன் இன்னும் எறக்குவான்.

நூத்தி இருவது. ஒண்ணும் இல்ல. குருவி சத்தம்.

நூறு. எங்கியோ யாரோ முனகற மாதிரி.

அப்ப பட்டம்மா கோழிய வெரட்ட துண்ட ஆட்டிட்டா. மேல இருந்து வந்த பஸ்ஸு சடக்குனு நின்னுடுச்சி. டிரைவர் எட்டிப் பாத்து, “இன்னாம்மா, மண்ணு சரிஞ்சிடுச்சா?”

“இல்லீங்க, பாட்டு கேக்குதான்னு பாக்கறோம்”னேன்.

பஸ்ஸு மொத்தமும் எங்களையே பாத்துச்சி. கண்டக்டர், “கேக்குதா?”ன்னாரு. “நீங்க வண்டிய ஆப் பண்ணாத்தானே தெரியும்!”னு பட்டம்மா. ஆப் பண்ணிட்டாங்க! எல்லாரும் கம்முனு இருந்தாங்க.

துண்டு நின்னுடுச்சேன்னு ஏழுமலை இன்னும் எறக்கிட்டான். எம்பது. தும். தும்.

காதுக்கு முன்ன காலுக்குத்தான் வந்திச்சி. பஸ்ஸுல கை தட்டுனாங்க. நான் பலா மரத்து வேர்ல குந்திட்டேன். “இன்னாடி?”ன்னா பட்டம்மா. கால்ல முள்ளுன்னேன்.

பஸ்ஸு போனப்புறம் ஏழுமலை கோயில் வளைவுல இருந்து ஓடி வந்தான். “இது கோயில்ல இருந்துதான் அண்ணி கேக்குது. அண்ணனுது பாறை வளைவுல இருந்தே கேக்கும். இன்னும் எறக்கிப் பாக்கட்டுமா?”

பாய் சொன்னது ஞாபகம் இருந்தும் சரின்னேன்.

பாறை வளைவுக்கு ஓட்டிக்கினு போனான். அறுவதுல வச்சான். கேட்டிச்சி. அதே சத்தம், அதே தூரம். அவரு வந்துக்கினு இருந்தாரு.

ஒரு பாட்டு முழுக்கக் கேட்டேன். 

ஏழுமலை திரும்பி வரும்போது கதவு தகர டப்பா மாதிரி கடகடன்னு அடிச்சிக்குது. பாய் சொன்ன மாதிரியே. இன்னும் ரெண்டு நாளு ஓட்டுனா கிழிஞ்சிடும்.

“எம்பதுலயே வையி”ன்னேன்.

“பாறை வளைவு வரைக்கும் கேக்காதே அண்ணி.”

“பாறை வளைவு கேட்டு இன்னா ஆவப் போவுது? ரோட்டுக்கு வர ஒரு வளைவு போதும் ஜனத்துக்கு.”

வச்சான். உள்ள குந்தறவங்க காது பாவம்னு சின்ன ஸ்பீக்கர ஒரு படி கம்மி பண்ணிட்டான்.

தை 14, செவ்வாய்

பனி கம்மி. முருங்கை பூ வச்சிருக்குது.

பட்டம்மா புளி ஏறிடுச்சி. அவளும் ஏறிட்டா, முன் சீட்டு. போவும்போதே கத்திக்கினு போறா, “ஏன்டா ஏழுமலை, இவ்ளோ சத்தமா? காது இன்னாத்துக்கு ஆவறது!”

வண்டி நெறைய ஆளு. ரெண்டு பேரு பின்னால தொங்கிக்கினு. ஏழுமலை கோயமுத்தூரு பேச்சே எடுக்கல.

சாயங்காலம் கீரை ஆஞ்சிக்கினு இருந்தேன். தும் தும். கை கேவுரு மாவு டப்பாவுக்குப் போயிடுச்சி. மூடியத் தொறக்கறதுக்குள்ள ஜீப்பு வாசல்ல. இப்ப வூட்டுக்குக் கேக்கறது பலா மரத்து வளைவுல இருந்துதான். களி கிண்ட நேரம் இல்ல.

டப்பாவ மூடிட்டு டீத்தண்ணி வச்சேன். ரெண்டு டம்ளர்.

“கேட்டிச்சா அண்ணி?”ன்னு ஜீப்புல இருந்தே கத்தறான்.

“கேட்டிச்சி கேட்டிச்சி. எறங்கி வா, ஆறிடும்”னேன்.