ராஜத்தின் இடுப்புச் சாவி

காரைக்கால்
4 ஜூன் 2018

அன்புள்ள அழகம்மை ஆச்சிக்கு,

மார்கரித்தின் வணக்கம். 'அடுத்த வரி' இணையக் குழுவுக்கு நீங்கள் வந்து மூன்று வாரம் ஆகிறது. இதுவரை பதினொரு பேர் கதைக்குக் கீழே "அருமை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அருமையை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள், ஊறுகாயா போட முடியும்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு பழைய ஆளைத் துணையாகப் போடுவது இங்கே வழக்கம். உங்களுக்கு நான் வாய்த்திருக்கிறேன், உங்கள் தலையெழுத்து. இந்தக் குழுவால் உங்கள் எழுத்து தேற வேண்டுமானால் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் ஓர் அத்தியாயம் போடுவதற்கு முன் மற்றவர்களுடையது இரண்டைப் படித்து, எங்கே தடுக்கியது என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். பாராட்டுக்காகக் காத்துக் கிடக்காதீர்கள். பினாங்கு பரிதா எல்லோருக்கும் "கண் கலங்கிவிட்டது" என்று போடுவார். தங்கமான மனுஷி, ஆனால் அந்தக் கண்ணீரால் ஒரு வரிகூடத் திருந்தாது. இன்னொன்று, எழுதியது நிஜமாக நடந்ததா என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. போன வருடம் யாரோ கேட்டுவைக்க, ஒரு பெண் குழுவை விட்டே போய்விட்டாள். அதிலிருந்து இந்த விதியை நான்தான் எழுதி வைத்தேன்.

உங்கள் முதல் அத்தியாயம் படித்தேன். ஹோ சி மின் நகரத்தில் முந்திரித் தரகு செய்யும் நல்லசிவத்துக்கு ஐம்பத்தெட்டு வயதில் மறதி நோய். மனைவி ராஜம் அதை ஊருக்குத் தெரியாமல் மறைத்து, அவர் பெயரில் தானே கடிதம் எழுதி வியாபாரத்தை ஓட்டுகிறாள். தினமும் நாலு மணிக்குக் காபி குடிக்க வெளியே போக அவர் சாவி கேட்கிறார். சாவியை இடுப்பில் செருகி வைத்துக்கொண்டே "என்கிட்ட இல்லையே" என்கிறாள். ஆச்சி, அந்தப் பொய் ஒன்று போதும். உங்களிடம் சரக்கு இருக்கிறது.

ஒரு சொந்த ஆசையும் உண்டு. உங்கள் ஊர் சைகோன் என்ற பழைய பெயரில் இருந்தபோது அங்கே பிறந்தவள் நான். எழுபத்தாறில் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு காரைக்கால் வந்தபோது எனக்கு ஏழு வயது. பாதி ஞாபகம், பாதி இல்லை. உங்கள் கதையில் அந்தத் தெருக்களைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நீங்களோ ஆளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டீர்கள்!

அன்புடன்,
மார்கரித்


ஹோ சி மின் நகரம்
9 ஜூன் 2018

சிவமயம்

அன்புள்ள மார்கரித் அக்காவுக்கு,

உங்கள் மின்னஞ்சல் கடிதம் படித்து முதலில் முகம் சுருங்கியது, அப்புறம் சிரித்துவிட்டேன். இனிமேல் யாருக்கும் அருமை போட மாட்டேன்.

என்னைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. தேவகோட்டைக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து இருபத்திரண்டு வருடம். பிள்ளைகள் இல்லை. எங்கள் செட்டியாருக்கும் முந்திரித் தரகுதான், அதனால் கதைக்கு அந்தத் தொழிலையே எடுத்துக்கொண்டேன். இங்கே மிச்சம் இருக்கிற செட்டியார் வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வெள்ளிக்கிழமை தண்டாயுதபாணி கோயிலுக்குப் போனால் நாலு தமிழ் முகம் பார்ப்பேன். இப்போது அதற்கும் போவதில்லை. எழுதுவது எல்லாம் மதியம் செட்டியார் தூங்குகிற ஒன்றரை மணி நேரத்தில்.

இருங்கள், வந்துவிடுகிறேன்.

மன்னியுங்கள் அக்கா. அடுப்பின் மேல் ஒன்றுமே இல்லாமல் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் அத்தியாயம் அனுப்பியிருக்கிறேன். நோய் தெரிந்த அன்றைக்கே நல்லசிவம் ராஜத்திடம் சத்தியம் வாங்கிவிட்டார். "எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா ஊருக்குக் கூட்டிப்போயி ஒரு அறையில உட்கார வச்சிருவாக. யார்கிட்டயும் மூச்சு விடாத" என்கிறார். அதனால்தான் அவள் யாரிடமும் சொல்லாமல் கதவைப் பூட்டி வைத்திருக்கிறாள். அவள் செய்வது சரியா என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் சொன்னால் அதன்படி செய்கிறேன்.

இப்படிக்கு,
அழகம்மை


காரைக்கால்
21 ஜூன் 2018

அன்புள்ள ஆச்சி,

முதலில் அக்காவை விடுங்கள். எனக்கும் நாற்பத்தொன்பதுதான். சும்மா மார்கரித் என்றே எழுதுங்கள்.

இரண்டாம் அத்தியாயம் பார்த்தேன். சத்தியம் வாங்கும் இடம் நன்றாக வந்திருக்கிறது. நம்ப முடியாத இடம் ஒன்று உண்டு. தன் தெருப் பெயர் தெரியாதவருக்கு, காரைக்குடியில் இருக்கும் அண்ணன் வீட்டுத் தொலைபேசி எண் மட்டும் மூச்சு விடாமல் வருகிறதா? மறதி என்றால் மறதியாக இருக்கட்டும். நமக்கு வசதியான போது ஞாபகம் வருகிற நோய் எங்கே இருக்கிறது? அந்த எண்ணை வெட்டிவிடுங்கள்.

ராஜம் செய்வது சரியா என்று கேட்டிருந்தீர்கள். சரி தவறு எனக்கு எதற்கு? கதை நகரவில்லை, அதுதான் என் கவலை. பூட்டிய வீட்டுக்குள் எத்தனை அத்தியாயம் ஓட்டுவீர்கள்? கதவைத் திறக்கச் சொல்லுங்கள். மனுஷர் இறங்கி நடக்கட்டும். சந்து முனைக் காபிக் கடை வரட்டும், சோலோன் பேட்டையின் கிடங்குத் தெரு வரட்டும், நானும் கூடவே வருகிறேன்.

உங்கள்,
மார்கரித்


ஹோ சி மின் நகரம்
1 ஆகஸ்ட் 2018

சிவமயம்

அன்புள்ள மார்கரித்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அந்த எண்ணை வெட்ட மனம் வரவில்லை. அவருக்கு அது ஞாபகம் இருக்கிறது, நான் என்ன செய்வேன்?

மற்றது நீங்கள் சொன்னது ஒரு மாதமாக மனதில் குடைந்தது. கதவைத் திறந்துவிட்டேன். மூன்றாம் அத்தியாயம் அதுதான். திங்கட்கிழமை நாலு மணிக்கு அவர் சாவி கேட்டபோது ராஜம் இடுப்பிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறாள். அவருக்கு அது நம்பவே முடியவில்லை. "போகலாமா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்கிறார். இரும்பு மடிப்புக் கதவை அவரே தள்ளித் திறக்கிறார். சட்டைப் பையில் முகவரி அட்டை வைத்து அனுப்பிவிட்டு, ராஜம் வாசலில் நின்று கந்தசஷ்டிக் கவசத்தைப் பாதி பாதியாகச் சொல்கிறாள். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். கடைக்காரப் பெண் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம். மீசையில் காபி நுரை. "இன்னைக்கு ஐஸ் கொஞ்சம் ஜாஸ்தி" என்று குறை சொல்கிறார். எட்டு மாதத்துக்கு அப்புறம் அவர் ஒரு குறை சொன்னது அன்றைக்குத்தான். ராஜம் சமையலறைக்குள் போய் அழுகிறாள், சந்தோஷத்தில்.

இதை எழுதி முடித்தபோது எனக்கு உங்கள் காலில் விழலாம் போல் இருந்தது. படித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அழகம்மை


காரைக்கால்
12 ஆகஸ்ட் 2018

அன்புள்ள ஆச்சி,

காலில் எல்லாம் விழ வேண்டாம், எனக்குக் கூச்சமாக இருக்கிறது. காபி நுரை நன்றாக இருக்கிறது. எட்டு மாதம் கழித்துச் சொன்ன குறை அதைவிட நன்றாக இருக்கிறது. குழுவில் முந்நூறு பேர் படித்துவிட்டார்கள், பரிதாவுக்கு வழக்கம்போல் கண் கலங்கிவிட்டது.

ஆனால் போனவர் திரும்பி வந்துவிட்டார். சரி, அப்புறம்? நாளைக்கும் போவார், வருவார். அதைப் படிக்க யார் வருவார்கள்? கதவைத் திறந்ததற்கு ராஜம் ஒரு விலை கொடுத்தாக வேண்டும் ஆச்சி. ஒரு நாள் அவர் திரும்பி வரக் கூடாது. நீங்கள் அவர்மேல் ரொம்பப் பாசமாக இருக்கிறீர்கள், அதுதான் உங்கள் கையைக் கட்டுகிறது. அந்தப் பாசத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள்,
மார்கரித்


ஹோ சி மின் நகரம்
18 செப்டம்பர் 2018, மாலை

மார்கரித்,

நாலு மணிக்குப் போனார். ஐந்து மணிக்கு மழை பிடித்தது. இப்போது ஏழு. காபிக் கடைக்கு அவர் வரவே இல்லையாம். முகவரி அட்டை நாற்காலியில் கிடக்கும் பழைய சட்டையில் இருக்கிறது, வேறு சட்டை மாற்றிக்கொண்டு போயிருக்கிறார். சந்து சந்தாகப் பார்த்தாகிவிட்டது. யாரிடம் சொன்னாலும் அண்ணன் காதுக்குப் போய்விடும், சத்தியம் என்னாகும்? ராஜம் இப்போது என்ன செய்வாள்? சீக்கிரம் சொல்லுங்கள்.

அழகம்மை


காரைக்கால்
18 செப்டம்பர் 2018

அன்புள்ள ஆச்சி,

இதைத்தானே நான் கேட்டேன்! கடிதமாகவே நாலாம் அத்தியாயத்தை ஆரம்பித்துவிட்டீர்கள், படித்து எனக்கு மூச்சு முட்டியது. அந்த மாற்றிய சட்டை, அடேயப்பா!

என்னைக் கேட்டால், ராஜத்தைக் காவல் நிலையத்துக்கு அனுப்பாதீர்கள். சீருடைக்காரர்கள் உள்ளே வந்தால் பதற்றம் நீர்த்துவிடும். ஊரெல்லாம் ஓடவும் வேண்டாம். வாசலிலேயே சாவியோடு காத்திருக்கட்டும். அவர் வந்தாரா இல்லையா என்று சொல்லாமல் அங்கேயே முடித்துவிடுங்கள். முழுசாக எழுதி அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.

உங்கள்,
மார்கரித்


காரைக்கால்
27 அக்டோபர் 2018

அன்புள்ள ஆச்சி,

நாற்பது நாளாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நாலு முறை எழுதிவிட்டேன். குழுவில் நீங்கள் போட்ட அத்தியாயங்களையும் காணோம், எல்லாவற்றையும் எடுத்துவிட்டீர்கள். முதலில் கோபம் என்று நினைத்தேன். நேற்று நூலக வேலை முடிந்த பிறகு உங்கள் பழைய கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். ஒன்றுமில்லாமல் எரிந்த அடுப்பில் வந்து நின்றுவிட்டேன். அடுப்பு உங்கள் வீட்டில் எரிந்தது. ராஜத்தின் வீட்டில் இல்லை.

விதியை எழுதிவைத்தவளே அதை மீறிக் கேட்கிறேன். ஆச்சி, இது நடந்ததா?

நடந்தது என்றால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உங்களிடம் பேசுவது? கதை நகரவில்லை என்று சொன்னேன், அது முழு உண்மை இல்லை. எனக்கு அந்தத் தெருவைப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்காக உங்கள் வீட்டு ஆளை வெளியே இறக்கிவிடச் சொல்லியிருக்கிறேன். கொழுப்பு, வேறென்ன சொல்வது? அவர் சௌக்கியமா என்று மட்டும் எழுதுங்கள். திட்டுங்கள், நாலு பக்கம் வேண்டுமானாலும் திட்டுங்கள். பதில் மட்டும் எழுதுங்கள்.

மார்கரித்


காரைக்குடி
15 நவம்பர் 2018

சிவமயம்

மார்கரித்துக்கு,

நடந்தது.

செட்டியார் உயிரோடு இருக்கிறார், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எந்தப் பேருந்தில் ஏறினார் என்று தெரியவில்லை. குச்சி என்கிற ஊர்ப் பக்கம், நகரத்தை விட்டு ரொம்ப தூரம், காய்கறி வயல் ஓரத்தில் ராத்திரி முழுக்க மழையில் கிடந்திருக்கிறார். மறுநாள் மத்தியானம் லாரிக்காரர் ஒருத்தர் பார்த்துத் தூக்கியிருக்கிறார். காலில் ஆழமான வெட்டு, சீழ் பிடித்துவிட்டது. இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்.

காவலர்கள் பெயர் கேட்டதற்குப் பதில் இல்லை. வீடு கேட்டதற்கும் இல்லை. ஒரே ஒரு தொலைபேசி எண்ணைச் சொல்லியிருக்கிறார், நீங்கள் வெட்டச் சொன்னீர்களே, அந்த எண். அவர் அண்ணன் கரியமாணிக்கம் செட்டியார் நாலாம் நாள் வந்து இறங்கிவிட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். மூன்றே வாரத்தில் வீட்டைக் காலி செய்து ஊருக்கு வந்துவிட்டோம்.

உங்கள் பதிலைக் காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்துதான் கைபேசியில் படித்தேன். உங்களுக்கு எழுதிய கையோடு அங்கே போய்விட்டேன், சத்தியமாவது ஒன்றாவது என்று. "ராஜம் வாசலில் காத்திருக்கட்டும்" என்று போட்டிருந்தீர்கள். கைபேசியைச் சுவரில் அடித்து உடைத்திருப்பேன். யாராவது கூப்பிடுவார்களே என்றுதான் விட்டேன்.

கதவைத் திறந்தது நான். அதை உங்கள் தலையில் போட மாட்டேன். திறந்ததற்கு நான் வருத்தப்படவும் இல்லை. ஏழு வாரம் அவர் மனுஷராகத் தெருவில் நடந்தார், காபியில் குறை கண்டுபிடித்தார். அந்த ஏழு வாரம் உங்களால் கிடைத்தது, அதை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

என் வருத்தம் வேறு. முந்நூறு பேர் படித்தீர்கள். எங்கே இழுக்கிறது, எது நம்பும்படி இல்லை, எல்லாம் சொன்னீர்கள். ராஜம் என்று பெயர் மாற்றி எழுதினால் சத்தியமும் கெடாது, யாராவது ஒருத்தர் கண்டுபிடித்தும் கேட்டுவிடுவார்கள் என்று நான் பைத்தியக்காரி மாதிரி நம்பினேன். நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் மார்கரித். கேட்கக் கூடாது என்று விதி எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நீங்கள் கேலி செய்வீர்களே அந்தப் பரிதா, அவர் மட்டும் ஒரு நாள் தனியாக, "ஆச்சி, இன்னைக்கு சாப்டீங்களா?" என்று எழுதினார். சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டேன். அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்கலாம்.

நீங்கள் கெட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் எழுத்தைப் பார்த்தாலே அந்த பெஞ்சு ஞாபகம் வருகிறது. அதனால் இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

அண்ணன் வீட்டின் உள்பக்கம், இரண்டாம் கட்டில் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். எதற்குப் பயந்து சத்தியம் வாங்கினாரோ அதே அறை. நேரத்துக்குச் சாப்பாடு, டாக்டர், எதிலும் குறை இல்லை. வெளிக்கதவில் பூட்டு, சாவி அவர் அண்ணனிடம் இருக்கிறது. நாலு மணி ஆனால் செட்டியார் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நிற்கிறார். "அழகு, சாவி எங்க வச்ச?" என்கிறார். "என்கிட்ட இல்லையே" என்கிறேன். ராஜம் சொன்ன அந்தப் பொய்யைப் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். இப்போது அது பொய் இல்லை.

அழகம்மை