கேட்டில் வைத்த கைகள்

நவம்பர் 14
அம்மாவின் இரண்டாவது கீமோ முடிந்து ஒரு வாரம். ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் மிகக் குறைவு. மார்புக் கட்டியைக் கொல்லும் மருந்து இவற்றையும் கொல்கிறது. டாக்டர் சொன்னார்: "சீழ் பிடிக்கக்கூட வெள்ளணு வேணும், தம்பி. கிருமி தொத்தினா இவங்களுக்குக் காய்ச்சல் ஒண்ணுதான் அடையாளம். நூறைத் தாண்டினா மாத்திரை குடுத்து அடக்காதீங்க. உடனே கூட்டிட்டு வந்துருங்க."

அப்படியென்றால், ஒன்றும் தெரியவில்லை என்பதையும் இனி நம்ப முடியாது.

நவம்பர் 15
கதவுக் கொண்டி, சுவிட்சு, ரிமோட். துடைத்துக்கொண்டே இருக்கிறேன்.

நவம்பர் 16
கோயில் பெண்கள் ஐக்கியம் வந்தது, அம்மா தலையில் கைவைத்து ஜெபிக்க. கேட்டைத் திறக்கவில்லை. முன்னால் நின்ற ஜெசி அத்தைக்குச் சளி, குரலிலேயே தெரிந்தது.

"ஏலே எபி, ஜெபிக்க வந்தவங்கள ரோட்டுல நிப்பாட்டுதியே. எம்.ஏ. படிச்ச திமிரா?"

அம்மா அந்த ஐக்கியத்தின் செயலாளர். "எம் மானம் போச்சுலே," என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நவம்பர் 17, ஞாயிறு
அசனம். கோயிலில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள். வர முடியாதவர்களுக்குத் தூக்குவாளியில் வீடு தேடி வரும். வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. வாங்கி அடுக்களையில் வைத்தேன். காலையில் ஆக்கிய கறிச்சோறு, ஆறிப்போயிருந்தது. அம்மாவுக்குச் சூடாகக் கஞ்சி.

நவம்பர் 18
தெர்மாமீட்டர் 98. நிம்மதி.

நவம்பர் 19
99தான். ஆனால் அம்மாவுக்கு ஏன் இப்படி வியர்க்கிறது? தலையணைக்கடியில் பாராசிட்டமால் அட்டை — பாதி காலி.

"எப்பம்மா போட்ட?"

"நேத்துலேர்ந்து... அசனச் சோறு ரெண்டு வாய் தின்னுட்டேம்லே. காய்ச்சல்னா நீ வைவேன்னு..."

எழுத முடியல. ஆட்டோ வந்துட்டு.

நவம்பர் 20
நேற்று பாலத்தில் நெரிசல். கீழே ஆறு. அம்மா கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. நரம்பில் மருந்து ஏறுகிறது.

அசனமா, அவள் குடலிலேயே இருந்த கிருமியா, சொல்ல முடியாதாம். மாத்திரை காய்ச்சலை மறைத்ததுதான் ஆபத்து என்றார் டாக்டர்.

மாத்திரை மட்டுமா மறைத்தது? கேட்டைப் பூட்டிக்கொண்டு நிற்பவனிடம் எதைச் சொல்வாள்?

நவம்பர் 21
மூச்சு. அதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 29
வெள்ளணுக்கள் ஏறிவிட்டன. வீடு.

டிசம்பர் 15
தள்ளிப்போன மூன்றாவது கீமோ முடிந்து, மறுபடி அணுக்கள் இறங்கும் வாரம். காலையில் அம்மாவே தெர்மாமீட்டரை வாயில் வைத்து, எடுத்து, என்னிடம் நீட்டினாள்.

சாயங்காலம் ஐக்கியம் வந்தது. நான் எழுவதற்குள் ஜன்னலிலிருந்து அம்மா:

"யாரும் உள்ள வராதீங்க! ஜெசி, அங்கனயே கேட்டுல கைவச்சு ஜெபி. கர்த்தருக்குக் கேக்கும்."

கம்பிகளெல்லாம் கைகள். நீண்ட ஜெபம்.

அவர்கள் போனதும் ஸ்பிரிட்டும் துணியுமாகப் போனேன்.

"பையத் துடைலே," என்றாள் அம்மா. "ஜெபமும் சேந்து போயிராம."