அப்பா தூக்கிய கை

முந்தல்

அன்பு மகள் லக்சனாவுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துவராமல் தனியாகத் தகராறு பண்ணுகிறது. நீயும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொள்கிறேன். என்ன அம்மா போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதுகிறா என்று நினைப்பாய். போனில் கதைத்தால் அப்பா பக்கத்துக் கதிரையில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு காது முழுவதையும் இங்கே வைத்திருக்கிறார், பிறகு எதைக் கதைப்பது? அடுத்த வீட்டு நிஸ்மியாவின் மகன் றிப்தி படிக்க லண்டன் வருகிறான். அவன் கையில் இதையும் வறுத்து இடித்த மிளகாய்த்தூளையும் கொடுத்துவிடுகிறேன். தூளைக் கண்டவர்களுக்கும் பங்கு வைக்காதே, இந்த முறை செத்தல் மிளகாய் நல்ல காரம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவைச் சபை மூப்பர் வேலையிலிருந்து நிறுத்தக் கை தூக்கிய மனுசனோடு எனக்கு இனிக் கதையில்லை என்று நீ அப்பாவுக்குச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாயே, அன்றிலிருந்து எழுத நினைத்தது. நீ கேட்டது பாதிக் கதைதான் பிள்ளை. நம் பிரெஸ்பிட்டேரியன் சபைகளின் சங்கத்தில் இந்தப் புதுப்பித்தல் வாதம் எத்தனை காலமாக இழுபடுகிறது என்று உனக்கே தெரியும். பழைய விசுவாச அறிக்கைக்கே திரும்ப வேண்டும், எல்லாச் சபைக்கும் ஒரே ஒழுங்கு என்று ஒரு பகுதி. கொழும்பில் இருந்துகொண்டு முந்தலுக்குச் சட்டம் போடாதே என்று மற்றப் பகுதி. கடைசியில் பெண்கள் மூப்பராக இருக்கலாமா என்பதை மட்டும் அந்தந்தச் சபையே பார்த்துக்கொள்ளட்டும் என்று எங்கள் தலையில் கட்டிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நிஸ்மியா இதைக் கேட்டுவிட்டு, என்ன மிஸ்ஸி ஒங்கட கோயில்லயும் எங்கட பள்ளிவாசல் நிருவாகக் கூட்டம் மாதிரியே கெடக்கே என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

உன் அம்மா பழைய பஞ்சாங்கம் என்பது உனக்குத் தெரியும்தானே. போதகர் சுஜன் வந்த பிறகு பிள்ளைகள் வினாவிடை பாடமாக்குகிறார்கள், சங்கீதங்களை மறுபடியும் பாடுகிறோம், அந்தக் கிற்றார் சத்தம் ஓய்ந்தது. இதெல்லாம் எனக்கு நல்ல சந்தோசம். அந்தப் புதுப்பித்தலில் எனக்குப் பிடிக்காதது பெண்கள் மூப்பராக இருக்கக் கூடாது என்ற ஒரே ஒரு வரி, அந்த வரியில் நிற்பதும் நானேதான். அதற்கு வாக்கெடுக்கும்போது சம்பந்தப்பட்டவர் வெளியே போக வேண்டும் என்பது மூப்பர் கூட்டத்தின் ஒழுங்கு, அதனால் பின்பக்கம் தேத்தண்ணி வைக்கப் போனேன். போதகர் தலைவர், அவருக்கு வாக்கு இல்லை. என்னைத் தவிர மூப்பர் மூன்று பேர். இறால் பண்ணை மனேஜர் என்னை நிறுத்த வேண்டும் என்றார், சின்னத்துரை அண்ணர் வேண்டாம் என்றார், மிச்சம் இருந்தது அப்பாவின் கை. கதவிடுக்கால் பார்த்தேன், உனக்குப் பொய் சொல்லமாட்டேன். மெதுவாகத்தான் தூக்கினார், ஆனால் தூக்கினார்.

வலித்தது மகள், நன்றாக வலித்தது. அப்பாவின் கோப்பைக்கு மட்டும் சீனி போடாமல் கொண்டுபோய் வைத்தேன், மனுசன் முகத்தைச் சுழிக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்தார். வீட்டுக்கு வந்து, வேதம் சொல்லுது எண்டு நான் நம்பிறதுக்கு எதிராக் கை தூக்க ஏலாது இராசம், நீ என்ர மனிசி எண்டதுக்காக மாத்தினா நான் என்ன மூப்பன் என்றார். எனக்குக் கோபம் போகவில்லை. ஆனாலும் எனக்குப் பயந்து கை தூக்காமல் இருந்திருந்தால் அவரை இன்னும் கொஞ்சம் மட்டமாக நினைத்திருப்பேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. திருவிருந்துக்கு முந்திய வாரம் மூப்பர் வீடு வீடாகப் போய், யாரோடாவது மனத்தாங்கல் உண்டா, கதைக்காமல் இருக்கிறீர்களா என்று கேட்டு, இருந்தால் அப்பம் எடுக்க முதல் போய் ஒப்புரவாகுங்கள் என்று சொல்லும் வழக்கம் உனக்குத் தெரியும். உடப்புப் பக்கத்து வீடுகள் என் பொறுப்பில் இருந்தவை. இப்போது அவை அப்பாவின் தலையில் விழுந்தன. வள்ளத்து எஞ்சினோடு கதைத்துப் பழகிய மனுசன் பெண்களோடு என்ன கதைப்பார்? ஒரு வீட்டில் மழையைப் பற்றிக் கதைத்தாராம், அடுத்த வீட்டில் பழுதான தண்ணீர்ப் பம்பைத் திருத்திக் கொடுத்துவிட்டு ஜெபம் பண்ணாமலே வந்துவிட்டாராம். வந்து, அதுகள் என்னட்டை ஒண்டும் சொல்லுதுகள் இல்லையப்பா, நீ என்னத்தைத்தான் கேக்கிறனீ என்று என்னையே கேட்கிறார்.

கடைசியாக மீன் விற்கிற அல்பொன்சா வீடு. அவளிடமும் யாரோடாவது கதைக்காமல் இருக்கிறியா பிள்ளை என்று கேட்டிருக்கிறார். அவள், நான் எல்லாரோடயும் கதைக்கிறன் ஐயா, உங்கட லண்டன் மகள் உங்களோட கதைக்கிறாவோ என்று கேட்டாளாம். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை, அவளேதான் சந்தையில் சொன்னாள். அன்று சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார், காற்றுப் போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்தில் நான் பின்வரிசை வாங்கில் இருந்தேன். அங்கே இருந்தால் பிரசங்கத்தில் யார் யார் நித்திரை என்று வடிவாகத் தெரிகிறது. அப்பா அப்பத்தட்டை வரிசை வரிசையாகக் கொண்டுவந்தார். எல்லோருக்கும் கொடுத்து முடிந்ததும் மூப்பர்கள் தாங்கள் எடுக்க வேண்டும். அவர் எடுக்கவில்லை. தட்டைத் துணியால் மூடி மேசையில் வைத்துவிட்டு வந்து குனிந்துகொண்டு இருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் தேவையில்லை.

இப்போது போதகரிடம் போய் அந்தத் தீர்மானத்தை மறுபடியும் எடுக்கக் கேட்டிருக்கிறார். நம் ஒழுங்கின்படி வென்ற பக்கம் கை தூக்கியவர்தான் அப்படிக் கேட்கலாம். வேதத்தை நான் விளங்கினது சரியோ பிழையோ தெரியாது தம்பி, ஆனா அந்த வீடுகள் மனம் திறக்கிறது அவவிட்டத்தான், அதையும் யோசிச்சுப் பாப்பம் என்றாராம். போதகருக்கு முகம் கறுத்தது, ஆனாலும் கூட்டத்துக்கு நாள் வைத்துவிட்டார். அப்பா இந்த முறை எந்தப் பக்கம் கை தூக்குவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நான் கேட்கப்போவதும் இல்லை.

நீயும் அதற்காகக் காத்திருக்காதே. மூப்பர் வேலை இல்லாவிட்டாலும் நான் அம்மாதான், எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது. எனக்காக நீ கோபப்பட்டது எனக்குப் பெருமைதான், ஆனால் அந்தக் கோபத்தை இனி எனக்கே தந்துவிடு, நான் சீனி போடாத தேத்தண்ணியில் கரைத்துக்கொள்கிறேன். அடுத்த திருவிருந்துக்கு முன்னால் அவருடைய போனுக்கே எடு. பெரிதாக ஒன்றும் கதைக்கத் தேவையில்லை, சாப்பிட்டீங்களோ அப்பா என்று கேட்டால் போதும். அவர் எடுக்காமல் அந்தத் தட்டை மூடி வைப்பதை இன்னொரு முறை பார்க்க என்னால் ஏலாது.

போக்கிலும் வரவிலும் கர்த்தர் உன்னைக் காப்பாராக. மிளகாய்த்தூளை ஈரக் கரண்டியால் அள்ளாதே.

என்றும் உன் நினைவோடு,
அம்மா இராசமணி