பாவனையாளர் கதிரை

ஜூலை 7, திங்கள்

விடியலில் இருந்தே தூறல். மஹய்யாவயில் இருந்து அம்பிட்டிய மேடு ஏற என் ஆட்டோவுக்கு மனமே இல்லை. மகள் கௌசிக்கு இந்தக் கிழமை முழுக்க அங்கே ஒரு ஹோட்டலில் பயிற்சி. கெம்பஸ் விரிவுரையாளர்களுக்கே பாடம் நடத்தச் சொல்லிக் கொடுக்க ஐரோப்பாவில் இருந்து ஆள் வந்திருக்கு. பாடம் தரநிர்ணயம். ஒரு பொருள் என்ன அளவில், எவ்வளவு பாதுகாப்பா இருக்கணும் என்று எல்லாருக்கும் பொதுவா முடிவு பண்ணுவது.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். போயிருக்கக் கூடாது. பயிற்சி தரும் வெள்ளைக்கார அம்மாவின் கம்ப்யூட்டர் பிளக்குக்கு இரண்டு கால், நம்ம சுவரில் மூன்று ஓட்டை. பிளக் உள்ளே இறங்கவில்லை. அவங்க பையில் எதையோ தேட, நான் சட்டைப்பை பேனாவை எடுத்து மேல் ஓட்டையில் குத்தி, பிளக்கை அழுத்திவிட்டு, "ஓகே மேடம்!"

அந்தம்மா தலையில் கை வைத்துவிட்டாள். இப்படி யாரும் செய்யக் கூடாது என்று விதி எழுதுவதுதான் அவள் தொழிலாம்! மண்டபமே என்னைப் பார்த்தது. கௌ. மட்டும் கூரையைப் பார்த்தாள்.

வெளியே வந்து, "அப்பா, சின்னப் பிள்ளைங்க கம்பியை விடக் கூடாதுன்னுதான் கீழ் ஓட்டை ரெண்டுக்கும் உள்ளுக்குள்ள மூடி வச்சிருக்கு. மேல குத்தினா அது திறந்துரும்."

"வீட்டுல நீயும் அப்படித்தானே போனுக்கு சார்ஜ் போடுற?"

"அது வீட்டுல!"

சாயந்தரம் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தம்மாவுக்கு என்னைப் பற்றித்தான் கேள்வியாம். வியாழன் கௌ.வின் மாதிரிப் பாடம். சரி வந்தால் இந்தப் பாடத்தைக் கெம்பஸில் தொடங்கும் பொறுப்பு அவளுக்கு. சொதப்பினால் வேறு ஆளுக்கு. பாடமே தரம் முடிவு பண்ணுகிற மாதிரி ஒரு பொய்க் கூட்டம்தான். கம்பனிக்காரர், இன்ஜினியர், அரசாங்க ஆள் எல்லாம் தயார். பாவனையாளர், அதாவது பொருளை வாங்கிப் பாவிக்கிற ஆள், அவர் கதிரை மட்டும் காலி. அதில் நான் உட்காரணுமாம்.

ஜூலை 8, செவ்வாய்

மழை. சீனி, தேங்காய், பிரேக் கேபிள்.

வீட்டு பிளக் பொயின்ட் எல்லாம் பார்த்தேன். இத்தனை வருஷம் பார்க்காத மாதிரி.
முன் ஹோல் – சதுர ஓட்டை.
குசினி – பெரிய வட்ட ஓட்டை.
அறை – அடப்டர் மேல் அடப்டர். விநாயகர் துணை.

கௌ. அரிசி கழுவும்போது கேட்டேன். "ஐரோப்பிய விழுமியம்னு உன் பயிற்சி அட்டையில போட்டிருக்கே. பிளக்குக்கு என்ன விழுமியம்?"

சொன்னாள்: அங்கே நாட்டுக்கு நாடு வேறவேற அளவு இருந்ததாம். சேர்ந்து வியாபாரம் பண்ண, சேர்ந்து உட்கார வேண்டியிருந்தது. பெரிய கம்பனி மட்டும் முடிவு பண்ணக் கூடாது. தொழிலாளி, பாவனையாளர், உடல் ஏலாதவங்க எல்லாருக்கும் மேசையில் இடம். எழுதினதை யாரும் வாசிக்கலாம். கை தூக்கி எண்ணுறதில்லை, மறுக்கிறவன் சொல்றதைக் கேட்டுத் தீர்க்கணும். "பிள்ளைங்க அளவை மனப்பாடம் பண்ணிருவாங்கப்பா. மேசையில யார் இருந்தா, யார் இல்லைன்னு கேட்க யாரும் சொல்லிக் கொடுக்கிறதில்ல. அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் எங்களுக்குப் பயிற்சி."

"அப்ப அங்க எல்லாருக்கும் ஒரே பிளக்கா?"

"இல்லப்பா. அதுல இன்னும் ஒத்துவரல."

"பின்ன எதுலதான் ஒத்துக்கிட்டாங்க?"

"உட்கார்ந்து பேசுறதுல."

ஆட்டோ ஸ்டாண்டில் நாங்க வரிசைக்குச் சண்டை போடுவது ஞாபகம் வந்தது. அங்கே யார் வாய் பெரிசோ அவன் சொன்னதுதான் தரம்.

ஜூலை 9, புதன்

வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. உடுப்பு காயவில்லை.

தேத்தண்ணிக்குப் பிறகு ஒத்திகை. தலைப்பு: இரண்டு கால் பிளக் இனி விற்கக் கூடாது. என் மனைவி சரோஜா, கையில் கரண்டியோடு, கம்பனி முதலாளி. நான் பிடித்துக்கொண்டேன். வீட்டில் இருக்கிற அயனையும் ரேடியோவையும் என்ன செய்ய? வாடகை வீட்டுக்காரன் சுவரை உடைக்க முடியுமா? எங்களைக் கேட்டீங்களா? மேசையில் ஒரு தட்டும் தட்டினேன். சொதி சிந்தியது.

கௌ.வுக்குச் சந்தோஷம். "நாளைக்கும் இதையே சொல்லுங்கப்பா. நீங்க மறுத்தாத்தான் என் பாடம்."

சரோஜா: "அவருக்கு மறுக்கச் சொல்லிக் கொடுக்கணுமாக்கும்! கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து வேற என்ன வேலை?"

ஜூலை 10, வியாழன்

காலையில் பனிமூட்டம். தீபாவளிச் சட்டை. கழுத்துப் பட்டன் பூட்டவில்லை. சட்டை சுருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

நீள மேசை. என் முன்னால் மூன்று மொழியிலும் 'பாவனையாளர்' என்று அட்டை. எனக்கு இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்லப் பக்கத்தில் ரவீந்திரன் சார், யாழ்ப்பாணத்துக்காரர். தலைமைக் கதிரையில் கௌ. பின்னால் வெள்ளைக்கார அம்மா, மடியில் பாடத்துக்குப் புள்ளி போடும் தாள்.

கௌ. எழுந்து நின்று பேசி, கூட்டத்தைத் தொடங்கி வைத்தாள். கம்பனிக்காரர் பேசினார். இன்ஜினியர் பேசினார். கௌ. என் பக்கம் திரும்பி, தமிழிலேயே, "பாவனையாளருக்கு ஆட்சேபணை இருக்கா?"

"இல்ல. சரி."

ரவீந்திரன் சார் மெதுவா, "ஐயா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"சரிதான் சார்."

கௌ.வின் முகம் வெளுத்தது. பிள்ளையின் பாடத்தைக் கவிழ்த்துவிட்டேன்.

அவள் மார்க்கரை மேசையில் வைத்தாள். அவள் இங்கிலீஷில் பேசியதை ரவீந்திரன் சார் காதில் சொல்லச் சொல்லக் கேட்டேன். "இவர் என் அப்பா. நேற்று வீட்டில் மேசையைத் தட்டி மறுத்தவர். இன்று பெரிய ஆட்கள் முன்னால் சரி என்கிறார். இதை ஒப்புதல் என்று எழுதலாமா? நம்ம மாணவர்களும் இப்படித்தான். சாரை மறுப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள். கதிரை போட்டால் மட்டும் போதாது, வாய் திறக்கவும் வழி செய்யணும்." பிறகு ஒரு கேள்வி: "போன கூட்டத்தில் உங்கள் கெம்பஸ் பீடாதிபதியை மறுத்தவர் கை தூக்குங்கள்."

ஒரு கையும் இல்லை. ஒருத்தர் சிரிக்க, மண்டபமே சிரித்தது. எல்லாரையும் இரண்டிரண்டு பேராப் பேசவிட்டு, மறுப்பைப் பெயர் போடாமல் துண்டுத் தாளில் எழுதி வாங்கினாள். ஒரு குவியல் வந்தது. வெள்ளைக்கார அம்மா எழுதிக்கொண்டே இருந்தாள். கடைசியில் எழுந்து வந்து கௌ.வின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பாடம் கௌ.வுக்குத்தான்.

இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. பின் சீட்டில் இருந்து, "பயந்துட்டீங்களாப்பா? பாவம்."

"தொண்டை வறண்டுருச்சும்மா."

"பரவாயில்ல. அந்தப் பயம்தான் இன்னைக்கு என்னைக் காப்பாத்திச்சு."

சரி என்று தலையாட்டினேன். சொல்லாதது: பயமெல்லாம் ஒன்றுமில்லை. அவள் எழுந்து நின்று பேசத் தொடங்கினதும் பிளக்கும் மறந்துபோச்சு, மறுப்பும் மறந்துபோச்சு. பிள்ளையையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.