சுபுட்டின் கறுப்புக் கேக்

அக்கா,

இன்று காலை உங்கள் தகர டின்னைத் திறந்தேன். மாதத்துக்கு ஒரு கரண்டி பிராந்தி ஊற்றச் சொன்னீர்களே, அதற்காகத்தான். மூடி கழன்றதும் கறுவாவும் கராம்பும் கருகிய சீனியும் பிராந்தியுமாக ஒரு வாசம் எழும்பி டூட்டிங்கில் நாங்கள் இருக்கிற வீட்டின் இந்தச் சின்னக் குசினியை நிரப்பியது. நீங்கள்தான் வந்து நிற்கிறீர்கள் என்று திரும்பிப் பார்த்தேன். விசர்தான், வேறென்ன.

உங்களால் எனக்கு வந்த கெட்ட பெயரையும் கேளுங்கள். வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற பொம்பிளை பிராந்திப் போத்தல் வாங்கினால் மூலைக்கடைத் தம்பி என்ன நினைப்பான்? "அண்ணை குடிக்கத் தொடங்கிட்டாரோ அக்கா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறான். கேக்குக்கு என்றால் நம்புகிறானில்லை. என் மனுசன் பாவம், சோடாவுக்கே முகம் சுளிக்கிற ஆள்.

டின்னுக்குள் இருப்பது என் மகள் தர்ஷியின் கலியாணக் கேக்கில் ஒரு துண்டு. உங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளையும் பொம்பிளையும் முதல் வருசம் நிறைகிற நாளில் அதைத் தின்ன வேண்டும். அந்த நாள் நெருங்கிவிட்டது. மகளும் மருமகனும் நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கிறார்கள். மகள் மறந்து விட்டுப்போன கேக் இங்கே இருக்கிறது. அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று சொன்ன நானும் இங்கேதான் இருக்கிறேன்.

நாங்கள் வேலை செய்த முதியோர் இல்லத்துச் சமையலறையில் உங்களை முதலில் கண்டபோது எனக்குத் தலை சுற்றியது. பெயர் வேல்ஸ்காரர் பெயர். சட்டி கையில் சுட்டால் வாயில் வருவது ஸ்பானிய ஏச்சு. நாங்கள் இருவரும் கதைத்தது உடைந்த ஆங்கிலம்தான். ஆனால் நான் அக்கா என்று கூப்பிட, நீங்கள் தங்கச்சி என்று பழகிக்கொண்டபிறகு, உங்கள் ஆங்கிலம் எனக்கு எங்கள் ஊர்த் தமிழாகவே கேட்கத் தொடங்கியது. அப்படியே எழுதுகிறேன்.

உங்கள் பிறந்தநாளுக்கு நான் செய்த கூத்து நினைவிருக்கிறதா? உங்கள் ஊரைக் காட்டுகிறேன் என்று வேல்ஸின் தலைநகர் கார்டிஃபுக்கு கோச் பஸ் டிக்கெட் எடுத்து, இருவருக்கும் புளிச்சாதம் கட்டிக்கொண்டு வந்தேன். கோச் வெளிக்கிட்டபிறகு ஆறுதலாகச் சொன்னீர்கள்: "தங்கச்சி, நான் வேல்ஸை ஒருநாளும் கண்டதில்லை. உன்னை நான் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய், இதுதான் உன்ர ஊர் எண்டு சொன்னால் எப்பிடி இருக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. தமிழ் என்றால் இந்தியாவோ என்று கேட்கிற ஒவ்வொருவரிடமும் சீறிப் பாய்கிற நான்தான் அதைச் செய்திருந்தேன். நீங்களோ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு என் புளிச்சாதத்தையும் பறித்துச் சாப்பிட்டீர்கள். கார்டிஃபில் உங்கள் வேல்ஸ் மொழியைக் கேட்ட கடைக்காரக் கிழவி, எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆர்ஜென்டினா என்றதும் அவள் திறந்த வாயை மூடவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் நீங்கள் பிறந்த சுபுட்டைச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள். ஆர்ஜென்டினாவின் பட்டகோனியாவில் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் அந்தீஸ் மலையும், நடுவில் காற்றைத் தவிர ஒன்றும் இல்லாத வறண்ட நிலமுமாக ஒரு மாகாணம். தங்கள் மொழியைத் தங்கள் பாட்டில் பேசி வாழ ஓரிடம் வேண்டுமென்று, உங்கள் முன்னோர் வேல்ஸிலிருந்து ஒரு கப்பலில் போய் அங்கே கொட்டும் குளிரில் இறங்கினார்கள். பச்சைப் பசேலென்று இருக்குமாம் என்று யாரோ சொன்னதை நம்பிப் போனவர்களுக்குக் குடிக்கவும் தண்ணீர் இல்லை. அந்த மண்ணுக்குரிய தெஹுவெல்சே மக்கள்தான் வேட்டையாடக் கற்றுக் கொடுத்தார்கள், பாண் ரொட்டிக்கு இறைச்சி மாற்றினார்கள். பிறகு ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கோதுமை விளைந்தது. "மண்ணைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நாங்கள். நிக்க வைச்சது அவை. அதை எங்கட ஆக்கள் மறக்கக் கூடாது" என்றீர்கள்.

கேக்கும் அங்கே பிறந்ததுதான். கறுத்தச் சீனி, மா, உலர்ந்த பழம், கையில் அகப்பட்ட கொட்டை வகை. வேல்ஸில் கேட்டால் அப்படியொன்று தெரியாதாம். தர்ஷிக்குக் கலியாணம் என்றதும் நீங்களாகவே மாவைக் குழைக்கத் தொடங்கினீர்கள். எங்கள் கலியாணக் கேக்குக்கு ரவையும் கஜுக் கொட்டையும் போடவேணும் என்று நான் நிற்க, கஜு மட்டும் போடலாம் என்று சமாதானத்துக்கு வந்தீர்கள்.

அந்த நாட்களில்தான் தமிழ் சரியாக வராத மருமகனுக்கு நியூசிலாந்தில் வேலை கிடைத்தது. அங்கே தமிழ் ஆள் உண்டா, கோயில் உண்டா, பிறக்கப்போகிற பிள்ளை என்ன மொழியில் அழும்? "நாங்கள் ஒரு கடல் தாண்டினது காணும். போறதெண்டால் போ. நான் அங்க வரமாட்டன்" என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கதையை நிறுத்திக்கொண்டேன். பலகாரம் சுட்டேன், சேலை எடுத்தேன், தாலி கட்டும்போது அழுதேன். அவளோடு மட்டும் கதைக்கவில்லை.

கலியாணத்தன்று வெம்பிளி மண்டபத்தில், என் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, தடக்கி விழாமல் ஒரு கையால் கொய்யக மடிப்பைப் பிடித்தபடி என் பக்கத்தில் வந்து இருந்தீர்கள். "எங்கட ஆக்களும் கப்பலோட நிக்கேல்லை, தங்கச்சி. அவையின்ர பிள்ளைகள் குதிரையில திரும்ப வெளிக்கிட்டு, பாலைநிலம் முழுக்கக் கடந்து மலையடிக்குப் போச்சினம். தாய்மார் உன்னைப்போலதான் கத்தியிருப்பினம். ஆனால் அங்கயும் எங்கட மொழி இருக்குது. தூரத்தில மொழி சாகாது. நீ மகளோட கதைக்காட்டி, அவள் ஆரோட தமிழ் கதைக்கிறது?"

எழும்பிப் போய்விட்டேன். சாப்பாட்டுப் பந்தியைப் பார்க்கவேணும் என்று சாட்டுச் சொன்னேன்.

மகள் போனாள். மார்கழிக் குளிரில் நீங்களும் ஒரேயடியாகப் போய்விட்டீர்கள். உங்களை வழியனுப்ப வந்த நாலு பேரில் வேல்ஸ் மொழி தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பாதிரியார் ஆங்கிலத்தில் செபித்தார். நான் தேவாரம் பாடினேன். எனக்குத் தெரிந்தது அதுதான், அக்கா.

நேற்றுத்தான் தர்ஷிக்கு நானாகப் போன் எடுத்தேன். கேக்கைத் தபாலில் போடட்டுமா என்று கேட்க. அங்கே விடியப்புறம். "அம்மா?" என்றாள், பயந்துபோய். கேக் என்றதும் சொன்னாள்: "டின்னை நான் மறந்து விட்டிட்டு வரேல்லை அம்மா. கேக் செய்த அன்ரி கலியாணத்தண்டு சொன்னவ, அம்மாட்ட விட்டிட்டுப் போ, ஒரு வருசம் பிராந்தி ஊத்தின ஆளால அதைத் தபாலில போட ஏலாது, தானே கொண்டு வருவா எண்டு."

கள்ளி! என் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டே செய்த வேலையா இது? சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த மனுசன் எழும்பி வந்துவிட்டார். ஒரு மணித்தியாலம் மகளோடு கதைத்தேன். அந்த ஊரில் காற்று ஆளைத் தள்ளுமாம். முற்றத்தில் முருங்கை வைக்கப் பார்த்தாளாம், குளிரில் பட்டுவிட்டதாம். தமிழில் இவ்வளவு நேரம் கதைத்து ஒரு வருசம் என்றாள்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். கனதூரம், இரண்டு விமானம் மாறவேணும். கஸ்டம்ஸில் டின்னைத் திறக்கச் சொல்வார்களாம். திறந்து காட்டுவேன். எந்த நாட்டுக் கேக் என்று கேட்டால் சுபுட் என்பேன், அது எங்கே என்று கேட்டால் கோச்சில் நீங்கள் சொன்னது முழுவதையும் சொல்லுவேன், வரிசை நின்றால் நிற்கட்டும்.

பெட்டிக்குள் போடமாட்டேன், அக்கா. மடியில் வைத்துத்தான் கொண்டு போறன்.